கறுப்பு விற்ற கடைகள்

லண்டன் ரீஜண்ட் தெருவில் 1841-இல் வில்லியம் சிக்கால் ஜே என்பவர் ஒரு ஜவுளிக்கடை திறந்தார். கல்யாணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ துணி எடுக்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. கறுப்புப் பட்டு, கறுப்புக் கம்பளி, கறுப்புக் கையுறை, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கரை போட்ட கைக்குட்டை என்று கடை முழுக்க ஒரே நிறம். பெயரிலும் ஒளிவுமறைவு இல்லை: 'லண்டன் பொதுத் துக்கப் பண்டகசாலை'. வீட்டில் சாவு விழுந்தால் தலை முதல் கால் வரை வேண்டியதை அலையாமல் ஒரே கூரையின்கீழ் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ஜேயின் யோசனை. அது நன்றாகவே பலித்தது. கடை பக்கத்துக் கட்டடங்களுக்கும் பரவியது.

மரணம் நாள் பார்த்து வருவதில்லை. அடக்கமோ ஒரு வாரத்துக்குள் நடந்தாக வேண்டும். அதற்குள் இறந்தவரின் மனைவி, பெண் பிள்ளைகள், வீட்டு வேலைக்காரர்கள் வரை அத்தனை பேருக்கும் கறுப்பு உடை தைத்தாக வேண்டும். ஜே கடை திறந்தபோது தையல் எந்திரம் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை, எல்லாம் கைத்தையல்தான். ஆகவே அவசரம்தான் இந்த வியாபாரத்தின் முதல். ஒரு கடிதமோ தந்தியோ போதும், தையல்காரிகள் துணிமணிகளோடு நாட்டின் எந்த மூலைக்கும் ரயிலேறி வருவார்கள், பயணச் செலவு வாடிக்கையாளருடையது அல்ல என்று ஜேயின் விளம்பரங்கள் சொல்லின. அதே தெருவில் பீட்டர் ராபின்சன் என்ற இன்னொரு துணி வியாபாரியும் தனியாக ஒரு துக்கக் கடை போட்டார். அவருடைய சாதாரணத் துணிக்கடையிலிருந்து பிரித்துச் சொல்ல, ஊரார் இதைக் 'கறுப்பு பீட்டர் ராபின்சன்' என்றார்கள். அதன் வாசலில் ஒரு குதிரை வண்டி எப்போதும் பூட்டித் தயாராக நிற்கும். வண்டிக்காரனுக்குக் கறுப்பு உடை, உள்ளே அளவெடுக்கக் காத்திருக்கும் பெண்களுக்கும் கறுப்பு உடை. இழவுச் செய்தி வந்ததும் வண்டி கிளம்பிவிடும்.

என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்பதில் வாடிக்கையாளருக்குப் பெரிய சுதந்திரம் கிடையாது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் துக்கத்தை ஓர் அட்டவணையாக்கி வைத்திருந்தது. கணவனை இழந்தவளுக்கு மொத்தம் இரண்டரை வருடம். முதல் ஒரு வருடமும் ஒரு நாளும் முழுத் துக்கம்: பளபளப்பில்லாத கறுப்பு உடை, அதன்மேல் ஏறக்குறைய முழுவதையும் மறைக்கும் அளவுக்குக் க்ரேப் என்ற சுருக்கம் விழுந்த மங்கல் துணி, முகத்தை மூடும் திரை. விருந்துக்கும் நடனத்துக்கும் போகக் கூடாது. அடுத்த ஒன்பது மாதம் இரண்டாம் நிலை. க்ரேப்பின் அளவு குறையும். பிறகு மூன்று மாதம் வெறும் கறுப்பு, க்ரேப் வேண்டாம், கறுப்பு நகை போட்டுக்கொள்ளலாம். கடைசி ஆறு மாதம் அரைத் துக்கம். சாம்பல், வெளிர் ஊதா, வெள்ளை என்று நிறம் மெல்ல எட்டிப் பார்க்கும். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வருடம், உடன்பிறந்தவர்களுக்கு ஆறு மாதம், பெரியப்பா சித்தப்பா அத்தை மாமா வகையறாவுக்கு இரண்டு மூன்று மாதம், ஒன்றுவிட்ட சகோதரர்களுக்குச் சில வாரங்கள். நடத்தை விதி நூல்கள் இதை அச்சடித்து விற்றன. நூலுக்கு நூல் கணக்கு கொஞ்சம் மாறும். அந்த மாறுபாடே குழப்பத்தை உண்டாக்கும். குழப்பம் வந்தால் பெண்கள் பத்திரிகைக்கு எழுதிக் கேட்பார்கள், பத்திரிகை பதில் போடும். இரண்டாம் தாரமாக வந்தவள், கணவனின் மூத்த தாரத்தைப் பெற்றவர்கள் இறந்தால் கறுப்பு உடுத்த வேண்டுமா என்பது வரைக்கும் விதி இருந்தது. உடுத்த வேண்டும், ஆனால் க்ரேப் இல்லாமல்.

ஆண்களுக்கு? தொப்பியில் ஒரு கறுப்புப் பட்டை, கறுப்புக் கையுறை. அலுவலகம் போகிறவர்கள் ஏற்கெனவே கறுப்புக் கோட்டுதான் போட்டிருந்தார்கள். மனைவியை இழந்தவர் சில மாதங்களில் பட்டையைக் கழற்றிவிட்டு மறுமணம் செய்துகொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் செய்தால் புதிதாக வந்த மனைவி, மூத்தவளுக்காகக் கறுப்பு உடுத்தும் கடமைக்கு ஆளாவாள். குடும்பத்தின் துக்கத்தைச் சுமந்து நடக்கும் வேலை முழுக்கப் பெண்ணின் உடம்பின்மேல் ஏற்றப்பட்டிருந்தது.

இதெல்லாம் விக்டோரியா காலத்துப் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. சாவையும் துணி வியாபாரத்தையும் இங்கிலாந்து அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே முடிச்சுப் போட்டுவிட்டது, அதுவும் சட்டத்தாலேயே. இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1666-இலும் 1678-இலும் நிறைவேறிய சட்டங்களின்படி, பிணத்துக்குச் சுற்றும் துணி கம்பளியாகத்தான் இருக்க வேண்டும். லினன் வெளிநாட்டிலிருந்து வந்தது. கம்பளி உள்ளூர்ச் சரக்கு. உயிரோடிருப்பவர்கள் வாங்காத கம்பளியை இறந்தவர்கள் தலையில் கட்டும் ஏற்பாடு அது. கம்பளியில்தான் புதைத்தோம் என்று எட்டு நாளுக்குள் சத்தியப் பிரமாணம் தர வேண்டும். தவறினால் 5 பவுண்டு அபராதம். அதில் பாதி ஏழைகளுக்கு, பாதி துப்புக் கொடுத்தவருக்கு. பணக்காரர்கள் அபராதத்தை ஒரு கட்டணம்போலக் கட்டிவிட்டு விருப்பப்பட்ட துணியில் அடக்கம் செய்தார்கள். சில குடும்பங்கள் தங்கள்மேல் தாங்களே துப்புக் கொடுத்துப் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. 1730-இல் இறந்த ஆன் ஓல்ட்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற நடிகை பிரஸ்ஸல்ஸ் சரிகைப் பின்னலில் அலங்கரிக்கப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். சட்டம் 1814 வரை ஏட்டில் இருந்தது.

அது நீங்கிய மூன்றாம் ஆண்டில் இளவரசி சார்லட் இறந்தார். அரியணைக்கு வாரிசாக இருந்தவர், வயது 21. 1817 நவம்பரில் பிறந்த அவருடைய ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் தாயும் போய்விட்டார். நாடு முழுவதும் கறுப்பு உடுத்தியது, கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. துணி வியாபாரிகளுக்கு யோகம். ரிப்பன் நெய்பவர்களும் வண்ணப் பொருள் செய்பவர்களும் மட்டும் திண்டாடினார்கள். இப்படியே போனால் பிழைப்புக் கெட்டுவிடும், துக்க காலத்தைக் குறையுங்கள் என்று அரசுக்கு மனுப் போட்டார்கள். அரண்மனைத் துக்கம் நீண்டால் வண்ணப் பட்டு நெய்யும் தறிகள் நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் கேட்ட புலம்பல்தான். சார்லட்டின் மரணத்துக்குப் பின்னால் இன்னொரு அவசரமும் கிளம்பியது. வாரிசு வேண்டும் என்று அரசரின் வயதான மகன்கள் ஓடி ஓடிக் கல்யாணம் செய்தார்கள். அதில் ஒரு கல்யாணத்தின் பலனாக 1819-இல் பிறந்தவர்தான் விக்டோரியா. கறுப்புத் துணி வியாபாரத்துக்கு அவரைவிடப் பெரிய புரவலர் பின்னால் கிடைக்கவில்லை.

க்ரேப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த வியாபாரத்தின் அச்சாணி அது. எசெக்ஸ் மாவட்டத்தில் பாக்கிங், பிரெய்ன்ட்ரீ, ஹால்ஸ்டெட் என்ற ஊர்களில் ஆலை வைத்திருந்த கோர்ட்டால்ட் குடும்பம்தான் இதில் கொடிகட்டிப் பறந்தது. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுகளின் வழிவந்தவர்கள். முதலில் வெள்ளித் தட்டான்கள், பிறகு பட்டு நூல் முறுக்குபவர்கள். சாமுவேல் கோர்ட்டால்ட் (1793-1881) காலத்தில் ஆலை துக்க க்ரேப்பில் இறங்கியது. மெல்லிய பட்டுச் சல்லாத்துணியை, சித்திரம் வெட்டிய சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால் துணி சுருங்கும், மினுமினுப்புப் போய்விடும். துக்கத்தில் எதுவும் மின்னக் கூடாது என்பது விதி. பட்டு வாங்க வேண்டும், ஆனால் அது பட்டைப்போல மின்னக் கூடாது! சுருக்கம் ஏற்றும் அந்த வேலை பூட்டிய அறைகளுக்குள் ரகசியமாக நடந்தது. ஆலையில் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்தான் வேலை செய்தார்கள்.

துணி என்ற அளவில் க்ரேப் மோசமான சரக்கு. மழைத்துளி பட்டால் திட்டுத் திட்டாகக் கறையாகும். மழைக்குப் பேர்போன நாட்டில் இது சின்ன விஷயமல்ல. சாயம் கழுத்திலும் முகத்திலும் ஒட்டும். முகத்திரை மூச்சை அடைக்கிறது, கண்ணைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் குறைசொன்னார்கள். ஆனால் கெட்டுப்போகும் சரக்குத்தானே திரும்பத் திரும்ப விற்கும்! இதற்கு மேல் ஒரு நம்பிக்கையும் கைகொடுத்தது: துக்கம் கழிந்த பிறகு க்ரேப்பை வீட்டில் வைத்திருந்தால் இன்னொரு சாவு வரும். ஆகவே அடுத்த முறைக்குப் புதிதாக வாங்க வேண்டும். இந்த நம்பிக்கையை வியாபாரிகள் கிளப்பிவிட்டார்கள் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. அவர்கள் அதை மறுத்துப் பேசியதாகவும் இல்லை.

துணிக்கடை ஒரு பக்கம் என்றால், சாவுக் காரியத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள் இன்னொரு பக்கம். சவ வண்டிக்குக் கறுப்புக் குதிரைகள், குதிரைகளின் தலையில் நெருப்புக்கோழி இறகுக் கொண்டை, ஊர்வலத்துக்கு முன்னால் இறகுத் தட்டைத் தலையில் சுமந்து நடக்க ஓர் ஆள். எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. இவர்களில் விசித்திரமானவர் 'மியூட்'. கூலிக்கு மாரடிப்பது நமக்குத் தெரிந்த சங்கதி. இவர் கூலிக்கு மௌனமாக நிற்பவர். துக்க வீட்டு வாசலில், கறுப்புத் துணி சுற்றிய நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஜோடியாக நிற்பார்கள். குளிரில் மணிக்கணக்காக நிற்க வேண்டும் என்பதால் இடையிடையே ஜின் கொடுப்பார்கள். அடக்கம் முடியும்போது ஆள் தள்ளாடுவதும் உண்டு. நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. மிகையான சோகத்தை, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருமளவுக்கு முகம் தொங்குவதை, ஆங்கிலத்தில் 'லுகூப்ரியஸ்' என்பார்கள். துக்கம் காப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். இன்று அதை நிஜமான துக்கத்துக்குச் சொன்னால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். அந்தச் சொல்லுக்குப் படம் போட வேண்டுமென்றால் மியூட்டின் முகத்தைப் போடலாம்.

சார்லஸ் டிக்கன்ஸ் இந்தக் கூட்டத்தை விட்டுவைக்கவில்லை. 1837-இல் தொடராக வரத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், அநாதைச் சிறுவன் ஆலிவர் ஒரு சவப்பெட்டிக்காரரிடம் வேலைக்குச் சேர்க்கப்படுகிறான். பையனின் சோகமான முகத்தைப் பார்த்ததும் முதலாளிக்கு யோசனை வருகிறது: குழந்தைகளின் சாவுக்கு இவனை மியூட்டாக நிறுத்தினால் பொருத்தமாக இருக்கும். கதையில் அந்த ஏற்பாடு அமோகமாக வெற்றிபெறுகிறது. குழந்தைகளின் அடக்கத்துக்கு அந்தக் காலத்தில் பஞ்சமில்லை. இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 ஒரு வயதைத் தாண்டாமல் இறந்தன.

நாட்டில் சாவுச் செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க முயன்றவர் எட்வின் சாட்விக். நகரச் சுகாதாரத்துக்காகச் சண்டை போட்ட அதிகாரி. மனிதரோடு யாராலும் ஒத்துப்போக முடியாது, எண்களில் மட்டும் புலி. நகரங்களில் பிணம் புதைக்கும் வழக்கம் குறித்து 1843-இல் அவர் தந்த அறிக்கை, ஆண்டுதோறும் நாற்பது, ஐம்பது லட்சம் பவுண்டு சாவுக் காரியங்களுக்குப் போகிறது என்று மதிப்பிட்டது. அதில் பெரும் பகுதி இறகுக்கும் துணிக்கும் வாடகைக் குதிரைக்கும். ஏழைகளின் நிலைமைதான் அவரை அதிகம் உறுத்தியது. ஊர்ச் செலவில் பொதுக் குழியில் போடுவார்களே என்ற பயத்தில், சாப்பாட்டைக் குறைத்தாவது அடக்கச் சங்கங்களுக்கு வாரம் ஒரு பென்னி கட்டினார்கள். ஜே கடைக்குப் போக முடியாதவர்கள் இருந்த உடையையே வீட்டில் சாயத்தில் முக்கிக் கறுப்பாக்கினார்கள். கறுப்பே உடுத்த முடியாத வீட்டில் வெளியே வரக் கூசினார்கள்.

மேலே இருப்பவர்கள் காட்டிய வழி அப்படி. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு 1852 செப்டம்பரில் இறந்தார். அடக்கம் நவம்பர் 18-ஆம் தேதிதான். இடைப்பட்ட இரண்டு மாதமும் ஏற்பாடுகளுக்கே சரியாக இருந்தது. கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலத்தில் ஒரு பிரம்மாண்டமான சவ ரதம் செய்தார்கள். இழுக்க 12 குதிரைகள். பால் மால் தெருவில் அதன் சக்கரம் தரையில் புதைந்து ஊர்வலம் நின்றது. புனித பவுல் தேவாலயத்தில் பெட்டியை ரதத்திலிருந்து இறக்கும் பொறியும் மக்கர் செய்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணானது. டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் இந்த ஆடம்பரத்தைச் சாவை வைத்து நடக்கும் வியாபாரம் என்று சாடினார். எழுதியதோடு நிற்கவில்லை. தனக்கு எளிமையாக, வெளியே தெரியாமல் அடக்கம் நடக்க வேண்டும், வருபவர்கள் துக்கத் துண்டோ நீளமான தொப்பிப் பட்டையோ அணியக் கூடாது என்று உயிலிலேயே எழுதிவைத்தார். 1870 ஜூனில் அவர் இறந்தபோது, ஊர்க் கல்லறையில் அல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் புதைத்தார்கள் என்றாலும், காலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடுதான் செய்தார்கள்.

வகுப்பு வேறுபாடு சவப்பெட்டியையும் விடவில்லை. லண்டன் கல்லறைகள் நிரம்பி வழிந்ததால் 1854-இல் சர்ரே மாவட்டத்தின் புரூக்வுட்டில் ஒரு மாபெரும் இடுகாடு திறந்தார்கள். லண்டனின் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து அதற்கென்றே தனி ரயில். பெட்டிக்கு முதல் வகுப்பு 1 பவுண்டு, இரண்டாம் வகுப்பு 5 ஷில்லிங், மூன்றாம் வகுப்பு 2 ஷில்லிங் 6 பென்ஸ். உடன் போகிறவர்களுக்குப் போகவர டிக்கெட். பிணத்துக்கு ஒருவழி மட்டும். இடுகாட்டுக்குள் இரண்டு நிலையங்கள், ஒன்று ஆங்கிலிக்கன் சபையாருக்கு, மற்றது மற்றவர்களுக்கு. 1941-இல் ஜெர்மானியக் குண்டு லண்டன் நிலையத்தைத் தகர்க்கும்வரை இந்த ரயில் ஓடியது.

1861 டிசம்பர் 14-ஆம் தேதி விண்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்தார். வயது 42. மருத்துவர்கள் டைபாய்டு என்றார்கள். விக்டோரியா அன்று உடுத்திய கறுப்பைச் சாகும்வரை, ஏறக்குறைய நாற்பது வருடம், கழற்றவில்லை. ஆல்பர்ட்டின் அறைகள் அவர் இருந்தபடியே வைக்கப்பட்டன. வேலைக்காரர்கள் தினமும் அவருக்கு உடை எடுத்துவைத்து வெந்நீர் கொண்டுபோனார்கள். அடுத்த கோடையில் நடந்த மகள் ஆலிஸின் கல்யாணம் ஆஸ்போர்ன் மாளிகையின் சாப்பாட்டு அறையில் சத்தமில்லாமல் முடிந்தது. அட்டவணை சொன்ன இரண்டரை வருடத்தை ராணியே மதிக்கவில்லை என்றால், நடுத்தர வர்க்கத்துப் பெண் எந்தத் தைரியத்தில் சீக்கிரம் கறுப்பைக் களைவாள்?

அரண்மனையின் துக்கம் வடக்கே யார்க்ஷயர் கடற்கரையில் விட்பி என்ற மீன்பிடி ஊரைப் பணக்கார ஊராக்கியது. அங்குள்ள செங்குத்தான பாறைகளில் ஜெட் என்ற கறுப்புப் பொருள் கிடைக்கும். பார்க்கக் கல், உண்மையில் மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்குமுன் கடலில் விழுந்து சேற்றில் அமுங்கிய, அரவ்கேரியா இனத்தை ஒத்த மரங்களின் எச்சம். கையில் எடுத்தால் இறகுபோல லேசாக இருக்கும், கண்ணாடிபோலச் சில்லென்று இருக்காது. உரசினால் வைக்கோல் துரும்பை இழுக்கும். கொளுத்தினால் நிலக்கரி வாடை. பிரிட்டனில் ரோமானியர்களும் இதில் நகை செய்தார்கள். 1832-இல் விட்பியில் இரண்டே பட்டறைகள், வேலையாட்கள் 25 பேர். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விட்பி ஜெட் வைக்கப்பட்டது. அரண்மனையில் துக்க காலத்தில் அணிய ஜெட் நகைக்கு மட்டுமே அனுமதி என்றானதும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 பட்டறைகள், 1,400 பேருக்கு மேல் வேலை. வீட்டுக்கு வீடு கடைசல் சக்கரம். தூசி காற்றில் பறந்து கடைசல்காரர்களின் முகம் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்ததுபோல் இருக்கும். பாறையில் ஜெட் தேடுகிறவர்கள் கயிற்றில் தொங்கி வெட்டினார்கள், உள்நாட்டுக் குன்றுகளிலும் சுரங்கம் தோண்டினார்கள்.

தேவை எகிறியதும் போலிகள் புகுந்தன. ஸ்பெயினிலிருந்து மட்டமான மெது ஜெட் வந்தது. சீக்கிரம் விரிசல் விட்டு விட்பியின் பெயரைக் கெடுத்தது. கறுப்புக் கண்ணாடியைப் 'பிரெஞ்சு ஜெட்' என்று விற்றார்கள். கடினமாக்கிய ரப்பரில் அச்சு வார்த்தார்கள். வெயில் பட்டால் அது பழுப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அயர்லாந்தில் சதுப்பில் ஊறிய ஓக் மரத்தைச் செதுக்கினார்கள். இறந்தவரின் தலைமுடியைப் பின்னி நகையாக்கும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. அதில் ஒரு பயம்: கொடுத்த முடியை வைத்துக்கொண்டு கடைக்காரர் வேறு யாருடைய முடியையோ பின்னிக் கொடுத்துவிட்டால்? ஆகவே வீட்டிலேயே முடி பின்னக் கற்றுக்கொடுக்கும் கையேடுகள் விற்பனைக்கு வந்தன. சந்தேகத்திலும் ஒரு சந்தை.

அரைத் துக்கத்தின் நிறத்தை வேதியியல் தந்தது. 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து மலேரியா மருந்தான குவினைன் செய்யப் பார்த்தார். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. உலகின் முதல் செயற்கைச் சாயத் தொழில் அப்படித் தொடங்கியது. 1858 ஜனவரியில் மூத்த மகளின் கல்யாணத்துக்கு விக்டோரியா அந்த வெளிர் ஊதா நிறத்தில் உடுத்தினார், பாஷன் பற்றிக்கொண்டது. துக்கத்திலிருந்து பாதி வெளியே வந்த பெண்களுக்கு மலிவு விலையில் அழகான ஊதா கிடைத்தது. ஜே போன்ற கடைகள் அரைத் துக்கத்துக்கெனத் தனிப் பகுதி வைத்து விதவிதமாக அடுக்கின. ஐந்து மாதம் கழிந்த விதவை வாங்குவதற்கும் இருபத்தைந்து மாதம் கழிந்த விதவை வாங்குவதற்கும் வேறுவேறு சரக்கு இருந்தது.

இவ்வளவையும் பார்த்தால் துக்கம் முழுக்க ஏமாற்று வேலைதானா என்று தோன்றலாம். அப்படிச் சொன்னால் நியாயமாகாது. கறுப்பு உடுத்திய பெண்ணிடம் தெருவில் யாரும் சிரித்துப் பேச எதிர்பார்க்கவில்லை. விருந்துக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளவில்லை. அழுதால் காரணம் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு யாருக்கும் எதையும் விளக்காமல் இருக்கும் உரிமையை அந்த மங்கல் துணி வாங்கித் தந்தது. ஆனால் அதே துணி, கணவன் போனதில் நிம்மதி அடைந்தவளையும் இரண்டரை வருடம் மூடி வைத்தது. எது எவ்வளவு என்று அட்டவணைதான் நிர்ணயித்தது என்பதுதான் இதில் கசப்பு.

எதிர்ப்பு 1870-களில் அமைப்பாகத் திரண்டது. சாவுச் சடங்குகளையும் துக்க உடையையும் எளிமையாக்கக் கோரி 1875-இல் ஒரு தேசியச் சங்கம் தொடங்கியது. க்ரேப், இறகு, துக்கத் துண்டு எல்லாம் வேண்டாம் என்றது. பாஷனும் மாறியது. 1880-களின் நடுவில் விட்பியில் ஜெட் வேலையாட்கள் 300 பேருக்கும் குறைந்துவிட்டார்கள். க்ரேப் விற்பனையும் சரியத் தொடங்கியது. கடைசி அடியை விக்டோரியாவே கொடுத்தார் என்று சொல்லலாம். 1901 ஜனவரி 22-ஆம் தேதி இறந்த அவர், தன் அடக்கத்தில் கறுப்புத் தொங்கக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார். லண்டனில் ஊதாவும் வெள்ளையும் கட்டினார்கள். நாற்பது வருடம் கறுப்பில் நடந்தவர், வெள்ளை உடையில், கல்யாண முகத்திரையோடு பெட்டிக்குள் வைக்கப்பட்டார். அவருடைய மகன் ஏழாம் எட்வர்ட் 1910 மே மாதம் இறந்தபோது, அடுத்த மாதம் அஸ்காட் குதிரைப் பந்தயத்தை ரத்து செய்யவில்லை. சீமாட்டிகள் கறுப்பு உடையும் நெருப்புக்கோழி இறகு வைத்த பிரம்மாண்டமான கறுப்புத் தொப்பியுமாக வந்து குதிரைகளின்மேல் பணம் கட்டினார்கள். துக்க உடை அதற்குள் அலங்காரமாகிவிட்டிருந்தது.

பிறகு 1914, முதல் உலகப் போர். பிரிட்டன் மட்டும் ஏறக்குறைய ஏழரை லட்சம் வீரர்களைப் பறிகொடுத்தது. உடல்களை ஊருக்குக் கொண்டுவரத் தடை இருந்ததால் வீட்டில் அடக்கமே இல்லை. தெருவுக்குத் தெரு சாவு. அட்டவணைப்படி நடந்தால் நாடே கறுப்பாகிவிடும். வெடிமருந்து ஆலைக்கும் பேருந்துக்கும் வேலைக்குப் போன பெண்கள் க்ரேப் முகத்திரையோடு எப்படிப் போவது? கையில் ஒரு கறுப்புப் பட்டை போதுமென்று ஆனது. 1919 நவம்பர் 11-ஆம் தேதி நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுத்தூண் அடுத்த ஆண்டு லண்டனில் கல்லில் எழுந்தது. அதன் உள்ளே உடல் எதுவும் இல்லை.

கோர்ட்டால்ட் குடும்பம் மட்டும் காற்று மாறுவதை முன்பே மோப்பம் பிடித்திருந்தது. 1904-இல் 25,000 பவுண்டு கொடுத்து, மரக்கூழிலிருந்து செயற்கைப் பட்டு எடுக்கும் விஸ்கோஸ் முறையின் பிரிட்டிஷ் உரிமையை வாங்கியது. கவென்ட்ரியில் ஆலை கட்டியது. ரேயான் என்ற பெயரில் உலகமெல்லாம் உடுத்திய துணியின் மிகப் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றாக உயர்ந்தது. அந்தப் பணத்தில் பழைய சாமுவேலின் பெயரையே கொண்ட வாரிசு (1876-1947) மானே, செசான், வான்கோ ஓவியங்களை வாங்கிக் குவித்தார். 1932-இல் லண்டனில் கோர்ட்டால்ட் கலைக் கல்லூரி உருவாக முக்கியக் காரணமாக இருந்தார். காதில் கட்டுப் போட்ட வான்கோவின் சுயசித்திரத்தைப் பார்க்க இன்று வரிசையில் நிற்பவர்களுக்கு, அந்தக் கம்பெனி விதவைகளின் முகத்திரையில் வளர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பீட்டர் ராபின்சன் கதை இன்னும் வேடிக்கை. 1964-இல் அந்தப் பெயர் தாங்கிய ஒரு கிளைக்குள் இளம்பெண்களுக்கென்று பளபளப்பான மலிவு உடைகள் விற்க ஒரு பிரிவு திறந்தார்கள். அது பின்னால் 'டாப்ஷாப்' ஆகி உலகமெங்கும் கிளை விட்டது.

விட்பியில் ஜெட் இன்னும் விற்கிறது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவலின் ஒரு பகுதி அந்த ஊரில் நடப்பதால், 1994 முதல் 'கோத்' இசைப் பிரியர்கள் அங்கே திருவிழாவாகக் கூட ஆரம்பித்தார்கள். விக்டோரியா காலத்து விதவை உடை, முகத்திரை, கறுப்புக் குடை, கறுப்பு நகை எல்லாம் போட்டுக்கொண்டு, யாரும் சாகாமலே, பீர் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நகைக்கடைகளுக்கு அது நல்ல வியாபாரம். சுரங்கங்கள் மூடி வெகுகாலம் ஆகிவிட்டதால் கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கித்தான் செதுக்குகிறார்கள். போலி பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் போலியைக் கண்டுபிடிக்க மெருகில்லாத பீங்கானில் ஓர் உரசல் போதும்: ஜெட் பழுப்புக் கோடு போடும், கண்ணாடி போடாது.